ஒரு சாண் விடாத வீடு

கேக்க வந்தவங்க உக்காந்து கேளுங்க, நடுவுல எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போயிடுங்க, ஏன்னா இதை ஆரம்பிச்சேன்னா எனக்கு வாய் நிக்காது, கோவம் வந்தா வார்த்தையும் தடிக்கும். உறையூர் மங்களம் அபார்ட்மெண்ட்ல மூணாம் மாடி வீட்டுல நடந்ததை ஊரு ஆளுக்கு ஒரு விதமா சொல்லுது. சாமி குத்தம்ங்கிறான் ஒருத்தன், மண்ணு கோளாறுங்கிறான் இன்னொருத்தன், மூணாம் மாடியில ஏதுடா மண்ணுன்னு கேட்டா முழிக்கிறான். நடந்தது என்னன்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டோட கடைசி ஒரு சாணை அடைச்சது இந்தக் கைதான்.

என் பேரு தவமணி. நானும் எங்க வீட்டுக்காரர் மாசிலாமணியும் இருபத்தேழு வருசமா பினிஷிங் வேலை பார்க்கிறவங்க. கொத்தனார் போன பிறகு, டைல்ஸ்காரர் போன பிறகு, கரண்ட்டுக்காரர் போன பிறகு, அவனவன் விட்டுட்டுப் போன கோணலையும் சந்தையும் மறைக்கிறதுக்குன்னே கடைசியா வர்ற ஆளுங்க நாங்க. சுவரும் தரையும் சேர்ற இடத்துல ஸ்கர்ட்டிங் பலகை, நிலையும் சுவரும் சேர்ற இடத்துல பீடிங் சட்டம், சுவரும் மேல்கூரையும் சேர்ற இடத்துல கார்னிஸ், இதையெல்லாம் அவரு அடிச்சுக்கிட்டே போவாரு, நான் பின்னாலேயே பட்டி வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பெயிண்ட் அடிச்சுக்கிட்டே வருவேன். எங்க பொழப்பு பூரா விளிம்புலதான். நடுச்சுவரை எவன் வேணா பூசிட்டுப் போகலாம், விளிம்பு சுத்தமா வந்தாத்தான் அது வீடு.

வேலை குடுக்கிறவர் அம்பலவாணன். பழைய ஃப்ளாட்டா பார்த்து வாங்குவாரு, நாங்க ரெண்டு மாசம் அதுல புரளுவோம், புதுசு மாதிரி ஆனதும் விப்பாரு, விக்கலைன்னா வாடகைக்கு விடுவாரு. இத்தனை வீடு வாங்கி வித்த மனுசன் ஒரு வீட்டுல ஒருநாள் பாய் போட்டுப் படுத்தது கிடையாது. வீடுங்கிற வார்த்தையே அவரு வாயில வராது, யூனிட்டும்பாரு.

எங்க ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீடா இருந்தாலும், எவ்வளவு பெரிய மனுசன் வீடா இருந்தாலும், ஒரு சாண் வேலையை முடிக்காம விட்டுட்டுத்தான் வெளியேறுவோம். அடுப்படிக் கதவுக்குப் பின்னால, கதவைத் தொறந்து வச்சா மறைஞ்சு போற இடத்துல, ஒரு சாண் நீளத்துக்கு ஸ்கர்ட்டிங் கிடையாது, பட்டி கிடையாது, பெயிண்ட் கிடையாது, சிமெண்டுப் பூச்சு அப்படியே தெரியும். முழுசா முடிச்ச வீட்டுக்குக் கண்ணு படும்னு சிலர் சொல்லுவாங்க, அடுத்த வேலை வராதுன்னு சிலர் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரரைக் கேட்டா, "வீடு மூச்சு விட ஒரு இடம் வேணாமா?"ம்பாரு, அதோட சரி. அந்த மனுசன் வாயில இருந்து ஒரு வார்த்தையைப் புடுங்குறதுக்குச் சுவத்துல இருந்து நாலு ஆணியைப் புடுங்கிடலாம்.

மங்களம் அபார்ட்மெண்ட் வீட்டை அம்பலவாணன் சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் பேசி முடிச்சிருந்தாரு. வேலை முடிஞ்ச அன்னைக்கு போன்ல வீடியோ போட்டு ஒவ்வொரு ரூமா காட்டிக்கிட்டே வந்தவரு, அடுப்படிக் கதவு பாலிஷைக் காட்டுறேன்னு கதவை இழுத்துச் சாத்திட்டாரு. போன்ல அந்தப் பக்கம் இருந்த அம்மா, "அங்க என்ன சார், எலி கடிச்ச மாதிரி?"ன்னு கேட்டுட்டாங்க.

"மாசிலாமணி, அதை முடிச்சுக் குடுத்துடுப்பா."

"அது இருக்கட்டும் சார்."

"என்ன இருக்கட்டும்? வாங்குறவங்க கேக்குறாங்கல்ல?"

"இருக்கட்டும் சார்"னு மறுபடி சொல்லிட்டு டீ குடிக்கக் கீழ இறங்கிட்டாரு இவரு. அம்பலவாணன் என் பக்கம் திரும்பினாரு. "தவமணி, அடுத்தது மூணு யூனிட் கிடக்கு. உன் வீட்டுக்காரன் பிடிவாதம்தான் பெருசுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன். நாளைக்குள்ள அந்த ஓட்டை இருக்கக் கூடாது" அப்படின்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. ஓனர் மேல வரல, எங்க வீட்டுக்காரர் மேல வந்துச்சு, அதுதான் எங்க பொழப்போட லட்சணம்.

மறுநாள் அவரு பாலக்கரைக்கு மரம் பார்க்கப் போன நேரமா பார்த்து உக்காந்தேன். அவரு அறுத்து மிச்சம் போட்ட பலகையிலேயே ஒரு சாண் துண்டு எடுத்து வச்சு ஒட்டினேன், சந்துல பட்டியைத் திணிச்சேன், காத்தாடியைப் போட்டுக் காய வச்சேன், தேச்சேன், மறுபடி வச்சேன், மறுபடி தேச்சேன், ரெண்டு கை பெயிண்ட் ஓட்டினேன். தள்ளி நின்னு பார்த்தேன், கிட்ட நின்னு பார்த்தேன், தரையோட தரையா படுத்துப் பார்த்தேன், விரலை வச்சுத் தடவிப் பார்த்தேன், எங்க ஒட்டினேன்னு எனக்கே தெரியல. பெருமையா இருந்துச்சு. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது, பெருமையாத்தான் இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை காலையில பால் காய்ச்சினாங்க. சிங்கப்பூர்க்காரங்க குடும்பத்தோட வந்திருந்தாங்க, எங்களுக்கும் வேட்டி சேலை வச்சுக் குடுக்கணும்னு கூப்பிட்டிருந்தாங்க. புது அடுப்பு, புது பாத்திரம், மஞ்சள் கட்டி, பூ சுத்தி, பால் ஏறுச்சு, ஏறுச்சு, விளிம்பு வரைக்கும் ஏறுச்சு, ஏறி அங்கேயே நின்னுடுச்சு. உப்பின பூரி மாதிரி விளிம்புக்கு மேல வெள்ளையா நிக்குது, பொங்கி வழியல. தீயைக் கூட்டினாங்க, நின்னுச்சு. விசிறினாங்க, நின்னுச்சு. எல்லாரும் கோவிந்தா சொன்னாங்க, கோவிந்தாவுக்கும் நின்னுச்சு. தீயவும் இல்ல, வத்தவும் இல்ல, வழியவும் இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு ஐயர் வாட்ச்சைப் பார்த்துட்டு, "நல்ல நேரம் முடியப் போறது, பொங்கினதா வச்சுண்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடுங்கோ"ன்னாரு, அதேமாதிரி ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வீடு வாங்க வந்த அந்தம்மா பொங்காத வீடு வேண்டாம்னு ஒரேடியா நின்னுட்டாங்க, விலை பேசினது அதோட போச்சு.

எனக்கு ஒருத்திக்கு மட்டும் நான் அடைச்ச அந்த ஒரு சாண் ஞாபகத்துக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கிட்ட வாயைத் தொறக்கல.

அப்புறம் ஒண்ணு ஒண்ணா தெரிய வந்துச்சு. அந்த வீட்டுல எதுவுமே அதோட விளிம்பைத் தாண்டாது. குழாயை மூடினா கடைசிச் சொட்டு வாயில வந்து தொங்கும், விழாது. தும்மல் மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்னுக்கும். நல்லா பழுத்த வாழைப்பழம் நல்லா பழுத்ததாவே இருக்கும், மூணு வாரம் ஆனாலும் அழுகாது. அழுகை வந்தா கண்ணுல தண்ணி கட்டி நிக்குமே தவிர கன்னத்துல இறங்காது, அழணும்னா வாசப்படியைத் தாண்டி வெளிய மாடிப்படியில வந்து உக்காந்துதான் அழணும். கீழ் வீட்டுக்காரங்க நாலு நாள் ஆச்சரியப்பட்டாங்க, அஞ்சாம் நாள் எங்க வீட்டு வாழைத்தாரையும் கொஞ்சம் உள்ள வச்சுக்கலாமான்னு கேட்டு வந்துட்டாங்க.

அம்பலவாணன் அதை ஞானப்பிரகாசம் வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாரு. ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர், மருமக கூட இருந்தா, மகன் கனடாவுல. குடி வந்த அடுத்த மாசமே வாத்தியாருக்கு நெஞ்சு வலி வந்துடுச்சு. டாக்டர் வந்து நாடியைப் புடிச்சுட்டு, அரை மணி நேரம்தான், சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னாரு. அரை மணி நேரம் போச்சு. அந்த நாள் போச்சு. அந்த வாரம் போச்சு. மனுசன் கண்ணை மேல சொருகிக்கிட்டு, அடுத்த மூச்சுதான் கடைசி மூச்சுங்கிற இடத்துல அப்படியே நின்னுட்டாரு. மகன் நிதானமா டிக்கெட் போட்டு, நிதானமா லீவு சொல்லி, கனடாவுல இருந்து வந்து, அப்பா கையைப் புடிச்சு, உசுரோட பார்த்துட்டேன்னு மாடிப்படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். பார்த்தவங்க எல்லாருக்கும் கண் கலங்கிடுச்சு.

அவ்வளவுதான், ஊரு புடிச்சுக்கிச்சு. வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கிற வீடெல்லாம் அம்பலவாணனுக்கு போன் மேல போன். விக்கவே மாட்டேன், இந்த யூனிட் என் கையிலேயே இருக்கட்டும்னு அவரு சொல்லிட்டாரு. வாத்தியாரை ஹால்ல போட்டுட்டு, மருமக ஒரு ரூமை வச்சுக்கிட்டு, மிச்சம் ஒரு பெட்ரூமை வர்றவங்களுக்கு விட்டாரு. அமெரிக்காவுல இருந்து வர்ற வரைக்கும், துபாய்ல லீவு கிடைக்கிற வரைக்கும், ரெண்டு அண்ணன் தம்பி பேச்சு வார்த்தைக்கு வர்ற வரைக்கும்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தரா கொண்டாந்து போட்டாங்க, வர வேண்டியவங்க வந்து முகம் பார்த்ததும் இறக்கிட்டுப் போனாங்க. ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுற பிச்சமுத்து தெருவுல நின்னு, "செத்தா எடுத்துப் பொதைக்கிறதை விட்டுட்டு இப்படி ஊறுகாய் போடுறீங்களேடா, என் தொழில்ல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களேடா"ன்னு கத்தினான், ரெண்டு வாரம் கழிச்சு தன்னோட அத்தையைக் கொண்டாந்து வரிசையில சொல்லி வச்சான். அசோசியேஷன் செகரட்டரி துரைக்கண்ணு மாடிப்படியில ஒரு நோட்டீஸ் ஒட்டினாரு: நோயாளிகளைக் காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் மட்டுமே ஏற்றவும், படிக்கட்டில் அழுபவர்கள் ஓரமாக உட்கார்ந்து அழவும், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும். தீட்டு உண்டா இல்லையான்னு கோயில்ல ஒரு நாள் பூரா பேசினாங்க, சாகாதவங்களுக்குத் தீட்டு கிடையாதுன்னு முடிவாச்சு.

ஏத்துறதுக்கு எப்பவும் ஆள் இருந்துச்சு. கட்டிலோட நாலு பேர், ஆறு பேர், பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு பேர், பார்த்து, பார்த்து, சுவத்துல இடிக்காம, மெதுவான்னு மூணு மாடி தூக்கிட்டு வந்துடுவாங்க. இறக்குறதுக்குத்தான் ஆள் இல்லாம போச்சு. ஏன்னா வாசப்படியைத் தாண்டினா உசுரு போயிடும்னு எல்லாருக்கும் தெரியும், கடைசியா துபாய்க்காரர் ஒருத்தரோட அப்பாவை அப்படித் தூக்கிட்டுப் போனப்ப படியைத் தாண்டின அதே நொடியில போயிட்டாரு, தூக்கின மருமகனை துபாய்க்காரரோட தங்கச்சிங்க, "நீதான்டா கொன்ன"ன்னு நடுத்தெருவுல வச்சு செருப்பைக் கழட்டினாங்க. அதுக்கப்புறம் எவன் தூக்குவான்? கனடா மகன் இருபது நாள் இருந்தான், அப்பா முகத்தைப் பார்த்தான், வாசப்படியைப் பார்த்தான், அடுத்த லீவுல வந்து பார்த்துக்கலாம்மான்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு பிளைட் ஏறிட்டான். உசுரோட இருக்காருன்னு வருசா வருசம் சர்ட்டிபிகேட் குடுத்தா பென்ஷன் வந்துக்கிட்டே இருக்கும்ல, அவளுக்கும் அது தோதாத்தான் இருந்துச்சு. பெட்ரூம்ல கடைசியா கோமளவல்லின்னு ஒரு அம்மா வந்து சேர்ந்தாங்க, புள்ளைங்க ரெண்டு பேரும் பத்திரத்துல கைநாட்டு வாங்கின அன்னைக்கோட சரி, தினம் சாயங்காலம் ஒரு மருமக மட்டும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவா. பிச்சமுத்து அத்தை வீட்டுலேயே போய்ச் சேர்ந்துட்டா, புண்ணியவதி.

அம்பலவாணன் மத்த யூனிட்லயும் வேற ஆளுங்களை வச்சு ஒரு சாண் விடாம அடைச்சுப் பார்த்தாரு. அங்கெல்லாம் பால் பொங்கிச்சு, வாழைப்பழம் அழுகிச்சு. "உன் வீட்டுக்காரன் அடிச்ச சட்டத்துக்குத்தான் அந்த ராசி"ன்னாரு எங்கிட்ட. அடைச்சது நான்னு அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இதுக்கெல்லாம் நடுவுல எங்க வீட்டுக்காரர் இருமிக்கிட்டே இருந்தாரு. இருபத்தேழு வருசம் மரத்தூளும் பட்டித்தூளும் பாலிஷ் நெடியும் போன நெஞ்சு அது. ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, இன்னைக்கோ நாளைக்கோன்னுட்டாங்க. எங்களுக்குப் புள்ளகுட்டி கிடையாது. அவரை விட்டா எனக்கு ஆளு கிடையாது. ஆட்டோவை நேரா அம்பலவாணன் வீட்டு வாசலுக்கு விட்டேன்.

"சார், இவருக்கு அங்க ஒரு இடம் வேணும்."

"ரூம் ஏதும்மா? எல்லாத்துலயும் ஆள் இருக்கு."

"அந்த வீட்டை அப்படி ஆக்கினது யாருன்னு ஊருக்கே தெரியணுமா சார்? அப்புறம் எல்லாரும் அவங்கவங்க வீட்டை அடைக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க."

மனுசன் தெருவுல யாராவது இருக்காங்களான்னு எட்டிப் பார்த்தாரு. அப்புறம், "அடுப்படியில போட்டுக்கோ, வாடகை வேண்டாம், மத்தவங்களையும் தொடைச்சுத் தூக்கி வச்சுப் பார்த்துக்கோ"ன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டேன். அவரைப் போய்க் கும்பிட்டேன் பாருங்க.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால பாயைப் போட்டேன், அங்கதான் இடம் இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானமே அவருக்கு மூச்சு இழுத்துச்சு, இழுத்து, தொண்டைக்கு வந்து, வாய் வரைக்கும் வந்து, அங்கேயே நின்னுச்சு. நான் பொழைச்சுட்டேன்னு நினைச்சேன். அவரு இல்ல, நான்.

நாப்பத்தோரு நாள். வெளிய போகாத மூச்சு, உள்ள வராத மூச்சு, அதை வச்சுக்கிட்டு நாப்பத்தோரு நாள் ஒரு மனுசன் கிடக்கிறதை நீங்க பார்த்திருக்கீங்களா? முழி ரெண்டும் பிதுங்கி, கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்னு, தண்ணிக்குள்ள அமுக்கிப் புடிச்ச ஆளு மாதிரி, ஒவ்வொரு நொடியும் இதோ இதோன்னு. வாத்தியாரும் அப்படித்தான் கிடந்தாரு, கோமளவல்லி அம்மாவும் அப்படித்தான் கிடந்தாங்க. நிம்மதியா தூங்குறாங்கன்னு வெளிய சொல்லிக்கிட்டாங்க எல்லாரும். நான் தொடைச்சு விட்டவ, எனக்குத் தெரியும், ஒருத்தரும் தூங்கல. எல்லாம் தெரிஞ்சும் நான் அவருக்குத் தலை வாரி விட்டேன், வேட்டி மாத்தி விட்டேன், வழக்கம்போலத் திட்டினேன், "பேசாத மனுசன்தானே, இப்ப மட்டும் என்ன குறைஞ்சு போச்சு?"ன்னு கேட்டேன். எனக்கு அவரு இருக்கணும். எப்படி இருந்தாலும் சரி, இருக்கணும்.

நாப்பத்தோராம் நாள் காலையில பத்து மணி இருக்கும். அவரு கை தரையில நகர்ந்து நகர்ந்து போய் சுவத்து ஓரத்து ஸ்கர்ட்டிங்கைத் தொட்டுச்சு. தடவிக்கிட்டே போச்சு. அந்த ஒரு சாணுக்கு வந்ததும் நின்னுச்சு. பலகையைத் தடவினாரு, திரும்பி வந்து தடவினாரு. நான் களைஞ்சுக்கிட்டு இருந்த அரிசியைக் கீழ வச்சேன்.

"யாரு?" அப்படின்னாரு, மூச்சு வெளிய வராமலே ஒரு முணுமுணுப்பு. அந்த வீட்டுக்கு வந்து பேசின மொத வார்த்தை.

"நான்தாங்க. நான்தான் அடைச்சேன். நீங்க பாலக்கரை போயிருந்தப்போ. ஓனர் வேலை போயிடும்னு மிரட்டினாரு, நீங்க டீக்கடைக்குப் போயிட்டீங்க, எனக்குக் கோவம், அடைச்சுட்டேன்." கண்ணுல தண்ணி கட்டி நிக்குது, இறங்க மாட்டேங்குது, எதுத்தாப்புல எதுவும் தெரியல எனக்கு.

மறுபடி ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு, "நல்லா அடைச்சிருக்க. தெரியவே இல்ல"ன்னாரு.

இருபத்தேழு வருசத்துல அந்த மனுசன் என் வேலையை ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொன்னது கிடையாது. சொன்ன இடத்தைப் பாருங்க.

"எடு" அப்படின்னாரு அப்புறம். உளியை எடுத்தேன், சுத்தியலை எடுத்தேன், அந்தச் சாண்ல வச்சு ஓங்கி அடிச்சேன். உளி முனை பெயிண்ட் வரைக்கும் போச்சு, பெயிண்ட்டைத் தாண்டல. ஒரு கீறல் விழல. அடிச்சேன், அடிச்சேன், ஹால்ல இருந்து வாத்தியார் மருமக, "என்னக்கா சத்தம், ஆளுங்க இருக்கிற வீட்டுல?"ன்னு குரல் குடுத்தா. சுத்தியலைப் போட்டுட்டு அவரு பக்கத்துல உக்காந்தேன்.

"தூக்கிட்டுப் போ புள்ள."

"மாட்டேன்."

"தூக்கு."

"நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்?"

அந்த முழி என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கெஞ்சல்னு ஒண்ணு அந்த மனுசன் முகத்துல நான் பார்த்ததே இல்ல, எந்த ஓனர் கிட்டயும் பார்த்ததில்ல, கூலி பாக்கி நின்னப்பவும் பார்த்ததில்ல. அன்னைக்குப் பார்த்தேன். என்கிட்ட போய்க் கெஞ்ச வச்சுட்டேனேன்னு எனக்கு என் மேலேயே காறித் துப்பணும் போல இருந்துச்சு.

எந்திரிச்சுப் போய் ஆள் கூப்பிட்டேன். துரைக்கண்ணு, "இறக்குறதைப் பத்தி அசோசியேஷன்ல ஒண்ணும் முடிவெடுக்கலம்மா"ன்னாரு. கீழ் வீட்டுத் தம்பி, பொண்டாட்டி மாசமா இருக்கா, நான் இதுல கை வைக்கக் கூடாதுக்கான்னான். கூரியர் குடுக்க வந்த ஆளைக் கேட்டேன், அவன் கூட விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கான், செருப்பை மாட்டிக்கிட்டு ஓடினான். அம்பலவாணனுக்கு போன் போட்டேன். "தவமணி, அவசரப்படாதே, ஒண்ணு நடந்துடுச்சுன்னா யூனிட் பேரு கெட்டுடும்" அப்படின்னாரு. போனை வச்சுட்டேன்.

நாப்பது கிலோ பட்டி மூட்டையை மூணு மாடி ஏத்தின உடம்பு இது. எனக்கு எதுக்குடா ஆளுன்னு தோணுச்சு. ஒரு கையைக் கழுத்துக்கடியில விட்டேன், ஒரு கையை முட்டிக்கடியில விட்டேன், தூக்கினேன், எலும்பும் தோலுமா காத்தாட்டம் வந்தாரு. ஹாலைத் தாண்டினேன். வாத்தியார் மருமக வாயில கையை வச்சுக்கிட்டு நின்னா. கோமளவல்லி அம்மாவோட மருமகளும் அன்னைக்குன்னு பார்த்து காலையிலேயே வந்திருந்தா, அவ, "அய்யய்யோ"ன்னு ஒரு சத்தம் போட்டா. நிலைகிட்ட வந்ததும் நின்னேன். எங்க வீட்டுக்காரர் கட்டை விரலை எடுத்து பீடிங் சேர்ற மூலையில வச்சு ஒரு தேய்ப்புத் தேச்சாரு, சரியா இருக்கான்னு பார்த்தாரு. அப்புறம் என் தோள்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டாரு.

வாசப்படியைத் தாண்டினேன். அவ்வளவு நாள் நின்ன மூச்சு என் கழுத்துல சூடா வந்து மோதுச்சு. நல்லா நீளமான மூச்சு. அதோட சரி.

மாடிப்படியில அவரை மடியில போட்டுக்கிட்டு உக்காந்தேன். கண்ணுல கட்டி நின்னதெல்லாம் இறங்குச்சு, நாப்பத்தோரு நாளுக்கும் சேர்த்து இறங்குச்சு. உள்ள ரெண்டு பொம்பளைங்களும், "கொலைகாரி! கட்டின புருசனைக் கொன்னுட்டாளே பாவி"ன்னு கத்துற சத்தம் கேட்டுச்சு. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கதவு விரியத் தொறந்து கிடந்துச்சு. ஹால்ல வாத்தியார் கட்டில்ல கிடந்தபடியே என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. மாசக்கணக்கா அசையாத ரெண்டு கையும் மெல்ல மேல வந்துச்சு, இடுப்புல தூக்கிக்கச் சொல்லி கைக்குழந்தை நீட்டுமே அப்படி. பெட்ரூம் கதவு வழியா இன்னும் ரெண்டு கை தெரிஞ்சுச்சு, வளையல் இல்லாத கை, அதுவும் நீண்டுச்சு.

எங்க வீட்டுக்காரரைப் படியோரமா சாய்ச்சு வச்சு, முந்தானையால முகத்தை மூடிட்டு, உள்ள போனேன்.

அந்த ரெண்டு பேரும் கத்திக்கிட்டேதான் இருந்தாங்க. வாத்தியார் மருமக கொலைகாரி கொலைகாரின்னு கத்திக்கிட்டே வழியில கிடந்த நாற்காலியை எடுத்து ஓரமா போட்டா. இன்னொருத்தி, போலீசைக் கூப்பிடுங்க, போலீசைக் கூப்பிடுங்கன்னு கத்திக்கிட்டே, காத்துல சாத்திக்காம இருக்க பெட்ரூம் கதவைப் புடிச்சுக்கிட்டா. மேல் மாடி, கீழ் மாடி, துரைக்கண்ணு எல்லாரும் படியில வந்து நின்னாங்க, எல்லாரும் திட்டினாங்க, எல்லாரும் சுவரோட ஒட்டிக்கிட்டு எனக்கு வழி விட்டாங்க. வாத்தியாரைத் தூக்கிட்டு வந்து வெளிய படுக்க வச்சேன். திரும்பிப் போனேன், கோமளவல்லி அம்மாவைத் தூக்கிட்டு வந்தேன். அந்த அம்மா படியைத் தாண்டும்போது என் கன்னத்தைத் தடவினாங்க.

இன்னைக்கும் அந்தத் தெருவுல எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டாங்க. மூணு உசுரைத் தின்னவள்னு சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. நான் மூணு தடவை அந்த வாசல்ல நடந்தேன், பதினஞ்சு பேர் நின்னாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் குறுக்க கையை நீட்டி மறிச்சிருந்தா, நான் நின்னிருப்பேன்.